மருந்து வருவதற்கு முந்தைய காசநோய்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் சானடோரியங்கள்தான் (காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்த மருத்துவமனைகள்) காசநோயைக் கட்டுப்படுத்தின என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வட ஆற்காட்டுக்காரனான எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் 1915-இலேயே வந்துவிட்டது, டாக்டர் ஃபிரிமோட் மொல்லர் பொறுப்பில். 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து ஒன்று தொடங்கினார். சரி. ஆனால் குடியாத்தத்து நெசவாளி காட்பாடி, பாகாலா என்று ரயில் மாறிப் போய் மாதக்கணக்கில் படுத்துக்கொண்டால் தறியில் யார் உட்காருவது?

அன்றைய பெரிய சிகிச்சை, நெஞ்சுக்குள் ஊசியால் காற்றை ஏற்றி, கெட்ட நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பது. ஏற்றிய காற்றை உடம்பு மெல்ல உறிஞ்சிவிடும், அதனால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். ஊர் திரும்பியவனுக்கு அதை யார் செய்வார்? மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா வேலூரிலிருந்து கிளம்பி சாலையோர மரத்தடிகளில் பார்த்த வைத்தியம் எத்தனையோ நோய்க்கு உதவியது. காசநோய்க்கு மட்டும் அவர் பெட்டியிலும் மருந்து கிடையாது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசினே 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

மிச்சம் இருந்தது அறிவுரைதான். சளியைத் தனிக் கிண்ணத்தில் துப்பு, தனியாகப் படு, காற்றோட்டமாக இரு, பால் முட்டை சாப்பிடு. தறியும் அடுப்பும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்த வீட்டில்! (முட்டைக்குக் காசு எங்கே என்பது வேறு கதை.)

அப்புறம் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று காட்டியது. கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.