நேற்று ராத்திரி மழை கொட்டியதாமே!

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். மலேசியாவிலிருந்து நம் சிங்கப்பூருக்குத் தண்ணீர் தரும் ஜொகூர் ஆற்றைப் பற்றி, நம் மழையும் வெயிலும் இத்தனை வருடங்களில் மாறி வந்த விதத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் அண்ணன் ஒருவர் எழுந்து, “தம்பி, நேத்து ராத்திரி பேஞ்ச மழையில என் குடையே பறந்து போச்சு, நீங்க என்னமோ வறட்சிங்கறீங்களே?” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

சரி, நேற்று மழை பெய்தது. யார் இல்லை என்றது? ஒரு நாள் மழை ஒரு நாள் மழைதான். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். தீபாவளிக்கு முதல் நாள் கல்லாவைத் திறந்து காட்டி, கடை லாபத்தில் ஓடுகிறது என்று தேக்கா கடைத்தெருவில் யாராவது சொன்னால் நாம் நம்புவோமா? முப்பது வருடப் பேரேட்டைக் கொண்டு வா என்போம். மழைக்கு மட்டும் ஒரு ராத்திரி போதுமாம்.

பேரேடு இருக்கிறது. 1948 முதல் பார்த்தால், பத்து ஆண்டுக்குச் சுமார் 0.25 டிகிரி வீதம் இங்கே வெப்பம் ஏறியிருக்கிறது. கேட்கும்போது ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும், நாற்பது வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி. உடனே “1983லேயே தெங்காவில் 37 அடித்ததே” என்று ஒருவர் கமெண்ட்டில் வருவார். ஆமாம், அடித்தது. அதுவும் ஒரு நாள் கணக்குதான், நான் சொல்வதும் அதேதான்.

இன்னொருவர் வருவார்: “உன் கணக்குப்படியே மழை கூடித்தானே இருக்கிறது?” இது நல்ல கேள்வி, சனிக்கிழமை இதைக் கேட்டிருந்தால் கும்பிட்டிருப்பேன். 1980 முதல் 2019 வரை பத்து ஆண்டுக்குச் சராசரி 67 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதலுக்கு நடுவில்தான் 2014 பிப்ரவரி வந்தது. மாதம் முழுக்கச் சாங்கியில் 0.2 மில்லிமீட்டர், 1869க்குப் பிறகு அவ்வளவு வறண்ட மாதம் பதிவில் இல்லை. எங்கள் புளோக் எதிரே இருந்த புல்தரை வைக்கோல் நிறத்துக்கு வந்து, செருப்புக்குக் கீழே நொறுங்கியது ஞாபகம் இருக்கிறது. ஆண்டு மொத்தம் கூடும், நடுவில் ஒரு மாதம் கழுத்தை நெரிக்கும். இரண்டும் சேர்ந்தே வரும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. சொல்ல விட்டால்தானே!

அப்புறம், அண்ணன் குடையைப் பறித்த மழை லிங்கியு நீர்த்தேக்கத்துக்குப் போகாது. அது ஜொகூரில், ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது, அங்கே பெய்தால்தான் அங்கே நிரம்பும். வறண்ட நாட்களில் அதிலிருந்து திறந்துவிட்டால்தான் கடலின் உப்பு ஆற்றில் ஏறாமல் இருக்கும், நாம் தண்ணீர் எடுக்க முடியும். 2061 வரை நாளுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்கலாம் என்று ஜொகூரோடு போட்ட 1962 ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆற்றில் இருந்தால் எடுக்கலாம். இதே ஆறு 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கியை மூழ்கடித்தது. பத்து வருடம் கழித்து, 2016 அக்டோபரில், லிங்கியு இருபது சதவீதத்துக்கு இறங்கிக் கிடந்தது.

“அதான் கழிவுநீரைச் சுத்திகரிச்ச நியூவாட்டர் இருக்கே, கடல்நீர் ஆலை இருக்கே?” இருக்கிறது. மின்சாரக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

“நீ என்ன விஞ்ஞானியா?” இல்லை ஐயா. 1963ல் தண்ணீர் பங்கீடு வந்தபோது தெருக்குழாயில் மண்ணெண்ணெய் டின்னோடு வரிசையில் நின்ற பெண்ணின் மகன். கிட்டத்தட்ட பத்து மாதம் நின்றாராம். அம்மா இன்றைக்கும் குளியலறையில் இரண்டு வாளி நிறைய வைத்துவிட்டுத்தான் படுப்பார். வீவக அடுக்குமாடி வீட்டில் எதற்கம்மா இது, கொசு வரும், தேசியச் சுற்றுப்புற வாரிய ஆள் வந்தால் அபராதம் போடுவார் என்று நானே எத்தனை தரம் சத்தம் போட்டிருக்கிறேன். “நீ பாக்கலடா” என்பார், அவ்வளவுதான்.

அந்த அண்ணன் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அவர் எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் எழுந்திருப்பார், எல்லாருக்கும் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தீர்களே, நீங்கள், என்னோடு பதினைந்து வருடமாக டீ குடிக்கிறவர்கள், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தயாரித்த பேச்சு. இருபது நிமிடம் தந்தார்கள், பதினொன்றாவது நிமிடத்தில் “நேரம் ஆகிறது” என்று துண்டுச்சீட்டு வந்தது. அண்ணனுக்கு மட்டும் எந்தச் சீட்டும் போகவில்லை.

“நகைச்சுவை உணர்வே இல்லையா உனக்கு” என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: இருந்தது, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

நன்றியுரைக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன். அறுபது வடைக்கும் டீக்கும் காசு கொடுத்தது நான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பேச்சைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. வடை பிரமாதம் என்று நாலு பேர் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். சட்னிதான் கொஞ்சம் தண்ணியாம்.