ஜாதி வேறு, நடை வேறு

கர்நாடக இசையில் கண்ட நடை ஆதியும் கண்ட ஜாதி திரிபுடையும் ஒரே தாளம்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டிலும் கண்டம், அதாவது ஐந்து, வருவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ஜாதி மாற்றுவது லகுவின், அதாவது தாளத்தில் ஒரு தட்டு தட்டி விரல் எண்ணும் பகுதியின், எண்ணிக்கையை. நடை மாற்றுவது ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் விழும் மாத்திரையை, அதாவது அதன் உட்பிரிவுகளை.

கையில் போட்டே பார்க்கலாம். ஆதிக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் இரண்டு திருதம் (ஒவ்வொன்றும் ஒரு தட்டு, ஒரு வீச்சு): 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் ‘தகதகிட’ சொன்னால் 40 மாத்திரை. கண்ட ஜாதித் திரிபுடையில் லகுவோடு ஆள்காட்டி விரலும் சேரும், 9 எண்ணிக்கை. வழக்கமான சதுச்ர (நாலு மாத்திரை) நடையில் ‘தகதிமி’ சொல்லுங்கள், 36தான் வரும். அந்த 40-க்குக் கட்டிய கோர்வையை (முத்தாய்ப்பாக வரும் தாளக் கோவையை) இங்கே சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், தொடங்கினால், அடுத்த சமத்தைத் தாண்டி நாலு மாத்திரை தள்ளி முடியும்.