ஒம்பது நாளும் ஒரே ஒரு பால் சட்டியும்

ஜெருசலேம்ல மஹனே யெஹூதா மார்க்கெட்டை ஒட்டி நஹ்லாவோத்னு சந்து சந்தா ஒரு ஏரியா இருக்கு, அங்க ஒரு யூத வீட்டு அடுப்படி. புருஷன் யோசி (ஆமா, பேரே அதான், யோசெஃபோட செல்லப் பேரு), குடும்பம் சிரியாவுல அலெப்போவுல இருந்து வந்தது. பொண்டாட்டி மிரி, அவங்க வீடு ஹங்கேரிப் பக்கம். வியாழக்கிழமை ராத்திரி, பசங்க மூணும் தூங்கியாச்சு. வர்ற திங்கக்கிழமை யூதக் காலண்டர்ல ஆவ் மாசம் பொறக்குது. ஜெருசலேம் கோவில் ரெண்டு தடவையும் இடிஞ்ச துக்கம் ஆவ் ஒம்பதாம் தேதி, அன்னிக்கு 25 மணி நேரம் பச்சத் தண்ணி கூட இல்லாம விரதம். அதுக்கு முன்னாடி வர்ற நாள்லயும் கறி, ஒயின் கிடையாது. கோழியும் கறிக் கணக்குலதான் வரும். யூத வீட்ல கறியும் பாலும் எப்பவுமே கலக்கக் கூடாது, ரெண்டுக்கும் சட்டி, ஸ்பாஞ்ச் எல்லாம் தனித்தனி.

மிரி: உக்காரு. பேப்பர், பேனா எல்லாம் எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுல இருந்து எழுதணும்.

யோசி: மாசம் பொறக்குறது திங்கள்தானே?

மிரி: நமக்கு சூரியன் மறைஞ்சாலே மறுநாள்தானே, புதுசா கேக்குற மாதிரி கேக்குற.

யோசி: அப்போ ஞாயிறு ராத்திரி கபாப்னு எழுது. திங்கள் மத்தியானம் கோழி.

மிரி: என்னது?

யோசி: எங்க வீட்ல மாசம் பொறக்குற அன்னிக்கு கறி உண்டு மிரி, ரெண்டாம் தேதில இருந்துதான் நிறுத்துவோம். முதல் தேதியே நிறுத்துறது உங்க ஆளுங்க. கல்யாணமாயிட்டா பொண்ணு புருஷன் வீட்டு வழக்கத்துக்கு வந்துடணும்னு உங்கப்பாதான் சொன்னாரு.

மிரி: பன்னெண்டு வருஷமா எங்கப்பா எவ்வளவோ சொன்னாரு, உனக்கு இது ஒண்ணுதான் மண்டைல ஏறியிருக்கு. சரி. இதோ மேலயே பெருசா எழுதிட்டேன், "இந்த வருஷம் எல்லாமே யோசி வீட்டு வழக்கம்". கையெழுத்துப் போடு.

யோசி: (போட்டுக்கிட்டே) எதுக்கு இதெல்லாம்?

மிரி: சும்மா. அடுத்தது, திங்கள் ராத்திரி?

யோசி: மீன்! மீனுக்குத் தடையே இல்ல. சால்மன் வாங்கி, எலுமிச்சை, பூண்டு போட்டு அவன்ல வச்சா...

மிரி: சால்மன் கிலோ என்ன விலைன்னு தெரியுமா? கோழியை விட்டுட்டு அதை விட டபுள் விலைல மீன் வாங்கித் தின்னா அதுக்குப் பேர் துக்கமா? நம்ம பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னால என்ன போட்டிருக்கு, ஆவ் வந்தா சந்தோஷத்தைக் குறைச்சுக்கன்னுதானே?

யோசி: பில்லு பாத்தா குறைஞ்சிடும்.

மிரி: முஜத்தரா.

யோசி: ஐயோ.

மிரி: என்ன ஐயோ? உங்க ஊர் சாப்பாடு! அரிசி, மசூர் பருப்பு, மேல பொரிச்ச வெங்காயம், உங்கம்மா வியாழன் தவறாம பண்ணுவாங்களே. அதுவும் பருப்பு துக்கத்துக்குன்னே உள்ள சாப்பாடு, ஆபிரகாம் செத்தப்ப யாக்கோபு ஈசாக்குக்கு பருப்புதான் வேக வச்சான்னு மிஷ்னாவுக்கு விளக்கம் சொல்ற தல்மூத்ல இருக்கு. பருப்புக்கு வாய் இல்ல, துக்கத்துல இருக்குறவனும் வாய் பேச மாட்டான்.

யோசி: நம்ம வீட்டுப் பசங்களுக்கு அந்தப் பருப்பைப் போட்டா பேச்சு நின்னுருமா?

மிரி: நிக்காது. கடைசிப் பையன் ஒவ்வொரு பருப்பா எடுத்து மேசை ஓரத்துல ரயில் விடுவான். செவ்வாய் என்ன?

யோசி: லசான்யா. புதன் பீட்சா. வியாழன் எங்கம்மா மாதிரி கல்சோனேஸ், உள்ள சீஸ் வச்சது. ஞாயிறு தக்காளில முட்டை ஒடச்சு ஊத்துன ஷக்ஷூகா, மேல ஃபெட்டா சீஸ் தூவி.

மிரி: (எழுந்து போய் கீழ் அலமாரியத் திறக்கிறாள்) இங்க வா. என்ன தெரியுது?

யோசி: சட்டி.

மிரி: எத்தனை?

யோசி: ...ஒண்ணு.

மிரி: ஒண்ணு! அந்தப் பக்கம் கறிக்கு ஏழு சட்டி, மூணு ட்ரே, உங்கக்கா குடுத்த பெரிய குண்டான் வேற. பால் பக்கம் பிடி ஆடுற இந்த ஒரே சட்டியும், ஓரம் நெளிஞ்ச ஒரு ட்ரேயும். வருஷம் பூரா கோழி ஷ்னிட்செல் ஷ்னிட்செல்னு தின்னா பாலுக்கு யாரு சட்டி வாங்குவா? நீ சொன்ன லிஸ்ட்ல நாலும் சீஸ். நாலு நாளும் பாலுக்குன்னு இருக்குற நீல ஸ்பாஞ்சை வச்சு இந்த ட்ரேல ஒட்டுன சீஸைத் தேய்க்கப் போறது யாரு? போன வருஷம் நீ அவசரத்துல கறிக்குன்னு இருக்குற சிவப்பு ஸ்பாஞ்ச் எடுத்துத் தேய்ச்சுட்டு, பால்ல கறி பட்டுருச்சோன்னு ராத்திரி 11 மணிக்கு நம்ம மதகுரு ரப்பிக்கு ஃபோன் போட்டியே.

யோசி: அவர் முழிச்சுத்தான் இருந்தாரு.

மிரி: உன் ஃபோன்னாலதான் முழிச்சாரு. அதுவும் போக, சீஸ் என்ன சும்மாவா வருது? 2011-ல காட்டேஜ் சீஸ் விலை ஏறுச்சுன்னு நாடே பாய்காட் பண்ணுச்சு, அதுல முதல் ஆளா நின்னு கத்துனது நீ. நாலு நாள் சீஸ் கிடையாது. பருப்பு, கத்தரிக்கா, டூனா, முட்டை. எதுலயும் பாலும் இல்ல கறியும் இல்ல, கறிச் சட்டியவே நல்லாக் கழுவிட்டு அதுலயே சமைச்சுக்கலாம்.

யோசி: கறியில்லாத நாள்ல கறிச் சட்டி வாசத்தை மோந்துக்கிட்டே கத்தரிக்கா சாப்பிடணும். கோவிலை இடிச்ச ரோமாக்காரனுக்கே இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

மிரி: வெள்ளி ராத்திரியும் சனி மத்தியானமும் ஷப்பாத், நம்ம ஓய்வு நாள், கறி உண்டு. அதுவரைக்கும் பொறு.

யோசி: சனிக்கிழமை சூரியன் மறையுறதுக்குள்ள மூணாவது சாப்பாடு ஒண்ணு இருக்கு, அதுக்கும் கறி எழுது. வேற வழியும் இருக்கு. யாராவது தல்மூத்ல ஒரு பகுதி படிச்சு முடிச்சா சியூம் விருந்து, அதுல கலந்துக்கிட்டவங்க கறி சாப்பிடலாம்.

மிரி: யாரு முடிக்கப் போறா?

யோசி: நான் ஹோராயோத் படிக்கிறேனே.

மிரி: ஹோராயோத் மொத்தமே 13 தாள். நீ கொரோனாவுல ஆரம்பிச்சது. இப்ப எத்தனாவது தாள்ல இருக்க?

யோசி: ...ரெண்டாவது.

மிரி: அந்தப் புத்தகமே ரெண்டாவது தாள்லதான் ஆரம்பிக்கும் யோசி.

யோசி: சரி விடு, அதேஸ் ஜெபக்கூடத்துல எவனாவது முடிக்காமலா போவான், 1901-ல இருந்து எங்க அலெப்போ ஆளுங்க அங்க படிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. அதுவும் இல்லன்னா மேல் மாடிப் பொண்ணு.

மிரி: மேல் மாடிப் பொண்ணுக்கு என்ன?

யோசி: மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கல்ல. இருட்டுறதுக்கு முன்னாடி பையன் பொறந்திருந்தா எட்டாம் நாள் பிரித், சுன்னத்துச் சடங்கு, அதாவது அடுத்த வியாழன். பிரித் விருந்துன்னா கறி சாப்பிடலாம், சட்டமே இருக்கு. ஒரு ரெண்டு மூணு நாள் தள்ளிப் போனா விரதம் வர்ற அந்தக் கடைசி வாரம் ஆயிடும், அப்ப கறி விருந்துக்கு ஆள் கணக்கெல்லாம் பாப்பாங்க, நம்மளக் கூப்பிட மாட்டாங்க.

மிரி: அடப்பாவி, அவ அங்க வலில துடிக்கிறா, நீ இங்க உக்காந்து விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கியா?

யோசி: சுகப் பிரசவம் ஆகணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன். நேரத்தோட ஆகணும்னு.

மிரி: விரதத்துக்கு முன்னாடி கடைசிச் சாப்பாடு, அவிச்ச முட்டை, ரொட்டி, தொட்டுக்கச் சாம்பல், தரைல உக்காந்து. அதுக்கு ப்ளானே வேணாம். சாம்பலுக்கும் கவலை இல்ல, நீ கருக்குன பூரேக்காஸ் இன்னும் ஃப்ரீஸர்ல கிடக்கு. அப்புறம் அம்மா ஃபோன் பண்ணாங்க. விரதம் முடிஞ்ச மறுநாள், பத்தாம் தேதி புதன் மத்தியானம், எல்லாரும் அவங்க வீட்டுக்கு. கூலாஷ் பண்றாங்களாம், மாட்டுக்கறி ரெண்டு கிலோ சொல்லி வச்சாச்சு.

யோசி: மாமியார்னா அது மாமியார்! எழுது, எழுது, பெருசா எழுது.

மிரி: உனக்கு முஜத்தரா கட்டி எடுத்துட்டு வரேன்.

யோசி: ஏன்?

மிரி: கோவில்ல தீ வச்சது ஒம்பதாம் தேதி சாயங்காலம், எரிஞ்சது பத்தாம் தேதி முழுக்க. அதனால பத்தாம் தேதி ராத்திரி, பகல் முழுக்க கறி கூடாதுன்னு வச்சது யாரு வழக்கம்? உன் பேர்க்காரர், யோசெஃப் காரோ சட்டப் புத்தகத்துல எழுதி வச்சது. எங்க ஆளுங்களோட போலந்து கிராகோவ் ரப்பிதான் மத்தியானத்தோட போதும்னு விட்டாரு. அம்மா வீட்ல ரெண்டு மணிக்கு கூலாஷ். நீயும் நானும் இருட்டுனதுக்கு அப்புறம்.

யோசி: ஒரு நாள் மட்டும் உங்க வழக்கத்துக்கு...

மிரி: (பேப்பரைத் திருப்பிக் காட்டுகிறாள்) இது யாரு கையெழுத்து?

யோசி: உங்கம்மாகிட்ட என்ன சொல்றது?

மிரி: நீயே சொல்லு, உன் வழக்கம்தானே.

(வாட்ஸ்அப் சத்தம். யோசி பாய்ந்து ஃபோனை எடுக்கிறான்.)

யோசி: பையன்! சாயங்காலம் 5:40-க்கு, இருட்டுறதுக்கு முன்னாடி! மாஸல் தோவ்! வியாழன் காலைல எட்டு மணிக்கு பிரித், நம்மளையும் கூப்பிட்டிருக்காங்க!

மிரி: மாஸல் தோவ்! அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?

யோசி: நல்லா இருக்காங்களாம். இரு, இன்னும் என்னமோ டைப் பண்றாரு... "காலை நேரம்ங்கறதால சிம்பிளா பண்றோம்..."

மிரி: படி.

யோசி: "...பேகல், சீஸ், டூனா சாலட்."

மிரி: (பேனாவைத் திறந்தபடி) பருப்பு எத்தனை கிலோ போடட்டும்?