விற்ற காரின் விபத்துக்கு யார் பொறுப்பு?

“முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிட்டால், விற்ற கார் விபத்துக்குள்ளானாலும் பழைய உரிமையாளருக்குப் பொறுப்பில்லை” என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) பெயர் உள்ளவரே உரிமையாளர். பெயர் மாற்றாமல் வண்டி பல கை மாறியிருந்தாலும், இழப்பீட்டுக்குப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. காளவாசலில் விற்ற கார், ஆறு மாதம் கழித்து ரிங் ரோட்டில் ஒருவர்மீது மோதினால், ஓட்டியவர்மீது குற்ற வழக்கு வரும். இழப்பீடு கேட்கும் தீர்ப்பாய நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். அன்று இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால், அந்தத் தொகையை நீங்களே கட்ட நேரிடலாம்; நான் பெரிதும் அஞ்சுவது இதைத்தான். விற்ற 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்; பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.