பைசாவைத் திட்டித்தான் பெரிய கோயிலைப் புகழ வேண்டுமா?

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. இடது பக்கம் சாய்ந்து நிற்கும் பைசா கோபுரம், வலது பக்கம் நிமிர்ந்து நிற்கும் தஞ்சைப் பெரிய கோயில், நடுவில் வாய் பிளந்து சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி. “ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன் கட்டியது உலக அதிசயமாம், அஸ்திவாரமே இல்லாமல் ஆயிரம் வருடம் நிற்கும் நம் கோயிலை எவனும் கண்டுகொள்ள மாட்டானாம்.” அதன் கீழே நான் எழுதிய நாலு வரித் திருத்தத்துக்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். இனத்துரோகி, கைக்கூலி, அரைவேக்காடு. ஒருவர் எனக்கு இத்தாலிக்கு ஒருவழி டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணே, அந்தப் பேச்சில் மட்டும் பின்வாங்கிவிடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதை இந்தப் பதிவில் பத்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய கோயிலைப் பொய் சொல்லிப் புகழ்கிறவர்கள், அதைக் கட்டியவர்களின் உழைப்பைத் திருடுகிறார்கள்.

முதலில் பைசாவை முடித்துவிடுவோம். அது ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு. 1173-ல் வேலை தொடங்கியது. கடைக்கால் ஆழம் சுமார் 3 மீட்டர். அதற்குக் கீழே ஆற்று வண்டல், இன்னும் கீழே மெத்தென்ற களிமண். கோபுரத்தின் எடை ஏறத்தாழ 14,500 டன். அதைத் தாங்கும் வட்ட அடித்தளத்தின் விட்டம் 20 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் மண்ணின் தலையில் 50 டன் வருகிறது. அந்தக் களிமண்ணுக்கு அது அதிகம். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக அமுங்கியது, எடை அந்தப் பக்கம் நகர்ந்தது, நகர்ந்த எடையால் இன்னும் அமுங்கியது. அதே ஊரில் சான் நிக்கோலா தேவாலயத்தின் கோபுரமும் சாய்ந்துதான் நிற்கிறது. கொத்தனார் எல்லாருமா முட்டாள்? மண் அப்படி.

காணொளிக்காரர் சொல்லாத இடம் இனிமேல்தான் வருகிறது. 1178 வாக்கில் நாலாவது அடுக்கை எட்டியபோது வேலை நின்றுபோனது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து 1272-ல்தான் மறுபடி கை வைத்தார்கள். 1284-ல், பைசா கடற்போரில் ஜெனோவாவிடம் தோற்ற வருடம், மறுபடி நிறுத்தம். மணி தொங்கும் உச்சி அடுக்கு முடிந்தது 1370 வாக்கில். இந்த இடைவெளிகள்தான் கோபுரத்தைக் காப்பாற்றின. பாரம் ஏறிய களிமண்ணிலிருந்து நீர் மெல்ல மெல்ல வெளியேறி மண் இறுகுவதற்கு அவகாசம் கிடைத்தது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் பாதியிலேயே கவிழ்ந்திருக்கும் என்பது மண்ணியல் பொறியாளர்களின் கணக்கு. திரும்ப வந்து கட்டியவர்களும் சும்மா இருக்கவில்லை. தாழ்ந்த பக்கம் உயரத்தைக் கூட்டி, அடுத்த அடுக்கை நிமிர்த்தப் பார்த்தார்கள். அதனால்தான் அந்தக் கோபுரம் சாய்ந்தது மட்டுமில்லாமல் லேசாக வளைந்தும் இருக்கிறது.

பிற்காலத்தில் அதில் கை வைத்தவர்களின் கதை இன்னும் மோசம். 1838-ல் அமுங்கிப்போன அடிப்பகுதியைப் பார்வைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சுற்றிலும் பள்ளம் தோண்டினார், கோபுரம் இன்னும் சாய்ந்தது. 1934-ல் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான துளை போட்டு சிமெண்ட் பாலை உள்ளே செலுத்தினார்கள், அப்போதும் சாய்ந்தது. 1989-ல் பவியா நகரத்தின் பழைய கோபுரம் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்து நாலு பேர் செத்த பிறகு பயம் வந்து, 1990 ஜனவரியில் பைசாவை மூடினார்கள். அப்போது சாய்வு ஏறத்தாழ ஐந்தரை பாகை. 1993-ல் உயர்ந்து நின்ற வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். 1995-ல் மண்ணை உறையவைத்துத் தோண்டப்போய்க் கோபுரம் மறுபடி நகர, அவசரமாக இன்னும் ஈயம். கடைசியில் பலித்தது மிக எளிய வழி. 1999 முதல் 2001 வரை, வடக்குப் பக்கத்து அடிமண்ணைச் சாய்வான குழாய்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அந்தப் பக்கம் மெல்ல இறங்கியது, உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் திரும்பி வந்தது. முழுதாக நிமிர்த்தியிருக்கலாமே என்று கேட்காதீர்கள், சுற்றுலாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆக, சிரிக்கும் மூஞ்சி போட இதில் என்ன இருக்கிறது? உலகம் போற்றுவது சாய்வை மட்டுமா? சாய்ந்ததை விழாமல் பிடித்து நிறுத்திய அறிவையும் சேர்த்துத்தான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

“அஸ்திவாரமே இல்லை.” ஐயா, கடைக்கால் இல்லாமல் கோழிக்கூண்டு கூட நிற்காது. பெரிய கோயில் ஏன் சாயவில்லை என்பதற்கு மந்திரம் தேவையில்லை, வடிவமே பதில் சொல்கிறது. விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், அடி ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர், நாலு பக்கமும் சமம். உயரம் 60 மீட்டர் வாக்கில் (அளந்தவர்களுக்குள் சில மீட்டர் வேறுபாடு உண்டு). அதாவது உயரம் அடியைப் போல இரண்டு மடங்குதான். பைசாவில் அது மூன்றரை மடங்கு. அதைவிட முக்கியம், நம்முடையது மேலே போகப் போகக் குறுகுகிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் நிற்கும் தூணின் எடை மையம் பாதி உயரத்தில் இருக்கும். பிரமிடு வடிவத்தில் அது கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே எங்கோ தாழ்வாக உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றைச் சாய்ப்பதுதான் கஷ்டம்.

உள்ளே இன்னும் அழகு. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள், நடுவே நடைவழி. கீழ்நடையில்தான் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. மேல்நடையில் கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய நிலைகள். அதற்கு மேலே நடைவழியைக் கற்களை முன்னுக்கு நீட்டி நீட்டி மூடி, இரண்டு சுவர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். பதின்மூன்று தளமும் ஏறுவது இந்தச் சேர்ந்த சுவரின் மேல்தான். அதற்குப் பிறகு உள்ளே வெற்றிடம். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீளும். நீட்டிய முனை கவிழாமல் இருக்க, பின்பாதியின் மேல் அடுத்த வரிசையின் எடை உட்கார வேண்டும். நீட்டல் ஒரு சாண் கூடிப்போனாலும் கல் முறியும் அபாயம் வரும், ஏனென்றால் கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இந்தக் கணக்கை ஒருவர் மனதில் வைத்து, இத்தனை உயரத்துக்கு, தஞ்சைக்குப் பக்கத்தில் கருங்கல் மலையே இல்லாத நிலையில், வெளியூர்க் கல்லைக் கொண்டுவந்து முடித்திருக்கிறார். இதைவிட என்ன அதிசயம் வேண்டும் உங்களுக்கு?

ஆனால் வேண்டுமாம். உச்சியில் 80 டன் ஒற்றைக் கல்லாம். சிகரம் ஒற்றைக் கல் இல்லை. சுளை சுளையாக வெட்டிய பல கற்களைச் சேர்த்து அமைத்தது. ஏறிப்பார்த்து ஆய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். “அப்போ சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து நாலு மைலுக்குச் சாரம் கட்டிக் கல்லை இழுத்தது பொய்யா?” என்று கேட்பீர்கள். சாய்தளம் இருந்திருக்கலாம், விமானத்தைச் சுற்றிச் சுழலும் மண்மேடாகவும் இருந்திருக்கலாம். ஏதோ ஒரு வகையில் மேலே ஏற்றித்தான் இருக்கிறார்கள். அது நாலு மைல் நீளமாக இருந்தது என்பதற்குக் கோயிலில் ஒரு கல்வெட்டும் இல்லை. அவ்வளவுதான் என் கட்சி.

நிழல். ஐயோ, இந்த நிழல். நிழலே விழாது என்கிறார்கள், மத்தியானம் மட்டும் விழாது என்கிறார்கள், விமானத்தின் நிழல் விழாது என்கிறார்கள், கலசத்தின் நிழல் மட்டும் விழாது என்கிறார்கள். கணக்குப் போடுவோம். தஞ்சை இருப்பது வடக்கே 10.8 பாகையில். 60 மீட்டர் உயரம், மையத்திலிருந்து அடிச்சுவர் 15 மீட்டர். நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 14 பாகைக்குள் நின்றால் கலசத்தின் நிழல் கோயிலின் மேலேயே விழுந்துவிடும். தோராயமாக மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அப்படித்தான். இது தஞ்சையின் மர்மம் இல்லை, நம் அட்சரேகையில் அந்த வடிவத்தில் எதைக் கட்டினாலும் இப்படித்தான். டிசம்பர் கடைசியில் சூரியன் 34 பாகை தெற்கே சரிகிறது. அப்போது நண்பகல், அதாவது கடிகாரத்தில் 12 மணி 10 நிமிடம் வாக்கில், கலசத்தின் நிழல் மையத்திலிருந்து 41 மீட்டர் வடக்கே, சுவரைத் தாண்டி 26 மீட்டரில் கிடக்கும். காலை மாலையில் கேட்கவே வேண்டாம். நிழல் விழாத கோயில் என்று சொல்லிக்கொண்டே அதே நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறோம்.

“வெள்ளைக்காரன் எழுதியதைத்தான் நம்புவீர்களா?” முக்கோணக் கணக்குக்கு நிறம் கிடையாது. அடுத்தது.

“சின்னப் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரட்டுமே, கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன?” இதைச் சொன்னவர் நல்ல மனிதர், அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். மிகைப்படுத்தலை நம்பி வளரும் பிள்ளை என்ன செய்யும்? ஒரு நாள் டிசம்பரில் கோயிலுக்குப் போய் நிழலைப் பார்க்கும். அன்றைக்கு அதற்கு நீங்கள் சொன்ன எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும், உண்மையின் மேலும் சேர்த்து. அதோடு இன்னொன்று. “மர்மம், இன்றைய விஞ்ஞானத்தால் கூட விளக்க முடியாது” என்று முடித்துவிட்டால் அந்தப் பிள்ளை கேட்க வேண்டிய அடுத்த கேள்வி செத்துப்போகிறது. எப்படி என்று கேட்கவிடுங்கள். மேல்நடையில் 108 கரணங்களுக்கு இடம் ஒதுக்கி, 81 மட்டும் செதுக்கி, மீதி வெறும் கல்லாக நிற்கிறதே, அதைக் காட்டுங்கள். முதலில் கல்லை நிறுத்திவிட்டு, பிறகு நின்ற இடத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள் என்பது அந்த வெற்றுக் கற்களைப் பார்த்தால் புரியும். இதைவிடவா வேற்றுக்கிரகவாசி கதை சுவாரசியம்?

ஆமாம், வேற்றுக்கிரகவாசி. கோயிலைக் கட்டியதே அவன்தான் என்ற பின்னூட்டத்துக்குத்தான் ஆயிரம் விருப்பக்குறிகள். எனக்கு உண்மையில் வலித்தது அங்கேதான், திட்டியதில் இல்லை.

பைசா கோபுரத்தை வடிவமைத்தவர் யார் என்று இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. போனான்னோ என்பார்கள், தியோதிசால்வி என்பார்கள், வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மிடம் பெயர் கல்லில் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன். “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்” கல்லிலே வெட்டச் சொன்ன ராஜா, நாவிதர் ஒருவருக்குத் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்து அதையும் பதிய விட்ட ராஜா, தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில் ஆடல் மகளிர், நானூறு பேரை எந்தத் தெரு வரிசையில் எந்த வீடு என்பது வரை எழுதிவைத்த ராஜா, தச்சரை மறக்கவில்லை. நாம் மறந்தோம். அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் குஞ்சரமல்லன் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஆயிரம் வருடம் கல்லில் இருந்த பெயரைத் தாண்டிப்போய், வானத்திலிருந்து ஒருவன் இறங்கிவந்து கட்டினான் என்று எழுதுகிறவன் தமிழ்ப்பற்றாளன், நான் துரோகி. நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபத்தோடு கோபமாக. இந்தப் பெருமையெல்லாம் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சின்னக் கோயிலில் திருப்பணி என்ற பெயரில் நடப்பதைப் போய்ப் பாருங்கள். மணலை வேகமாக வீசியடித்து கல்வெட்டு எழுத்தை மழுங்கடிக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், கட்டடத்தோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமெண்ட் இறுகிக்கொண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அதன் உப்பு செங்கல்லிலும் கல்லிலும் ஊறி, சில வருடத்தில் மேல்தோல் பொரிந்து உதிரும். சுதைக் கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் மேலே தெரிவதை வெட்டிவிட்டுப் போகிறார்கள், வேர் உள்ளேயே தடித்துப் பிளக்கிறது. வேரைக் கொன்று, இடுக்கைக் காரை கொண்டு அடைக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

பைசாக்காரன் 1934-ல் சிமெண்ட் ஊற்றித் தோற்றான். தோற்றதை எழுதிவைத்தான், அடுத்து வந்தவன் அதைப் படித்துவிட்டு வேறு வழி தேடினான். நாம் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையைப் பிரிக்கிறோம்.

பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது. திட்டுகிறவர்கள் திட்டலாம். எந்தக் கோயிலில் சிமெண்ட் பூசிக்கொண்டிருக்கிறார்கள் என்று படத்தோடு போடுகிறவர்களுக்கு மட்டும் பதில் எழுதுவேன்.