18.7 கிலோ இலை எங்கே போயிற்று?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கொள்முதல் கணக்கைக் கணினியில் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வாரம் ஒரு சிறு விவசாயி, மழையில் நனைந்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த எடைச்சீட்டை என் மேசைமேல் விரித்து, "தம்பி, 18.7 கிலோ போட்டேன், பதிவே இல்லை என்கிறார்களே" என்று கேட்டபோது, இந்தத் தரவுத்தளத்தை அமைத்துவிட்டுப் போன புண்ணியவான்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பதிவு இருக்கிறது. பட்டியலைத் திறந்தால் திரையில் 18.7 என்றே தெரிகிறது. ஆனால் எடை 18.7க்குச் சமமான வரியைக் கொடு என்று மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளிடம் கேட்டால் கையை விரிக்கிறது, 18.5 கிலோ போட்டவர்களின் வரியைக் கேட்டால் மட்டும் உடனே எடுத்து நீட்டுகிறது. இரண்டு நாள், பாவம், எடை போடும் பையனைத்தான் எல்லாரும் குடைந்தார்கள்.

எடைப் பத்தியை, தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் வைத்ததுதான் காரணம். அரை என்பதைக் கணினியின் 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியும், 0.7ஐ எழுத முடியாது; ஆகவே உள்ளே கிடப்பது ஏறத்தாழ 18.70000076, நாம் தேடும் 18.7 அதைவிடத் துல்லியமானது என்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. பணத்தொகையையும் அதே வகையில் வைத்திருக்கிறார் மகராசன். 2,62,144 ரூபாயைத் தாண்டினால் ஃப்ளோட்டில் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே மூன்று பைசாவுக்கு மேல் இடைவெளி விழும் என்பது, கூலியும் விலையும் பைசா பைசாவாகப் பேசப்படும் இந்த மலையில் ஒருவருக்குத் தோன்றாமல் போனது எப்படி?

இவற்றை டெசிமல் (10,2), அதாவது இரண்டு தசம இடம்வரை துல்லியமாக வைக்கும் வகை என்று மாற்றினேன்; 18.7 வந்துவிட்டது, தொகைகளை எடைகளிலிருந்து மறுபடி கணக்கிட்டுக்கொண்டேன். ஆனால் கைபேசி எண்ணைக் கூட்டிக் கழிக்கவா போகிறோம்? அதையும் இன்ட் என்ற முழு எண் வகையில் போட்டு, பிழை காட்டும் கண்டிப்பு முறையையும் அணைத்து வைத்திருந்ததால், 9இல் தொடங்கிய எண்ணெல்லாம் அந்த வகையின் உச்சவரம்பான 2147483647 என்றே பதிவாகியிருக்கிறது. அதை எந்த டெசிமலும் மீட்டுத் தராது. இப்போது நான்தான் நோட்டும் பேனாவுமாக, மூடுபனியில் ஹட்டி ஹட்டியாக, அதாவது மலைக் கிராமம் கிராமமாக நடந்து, "ஐயா, உங்கள் நம்பரை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டு வருகிறேன்.