லோக் அதாலத்தில் எல்லாமே முடியாது
"எந்தத் தகராறாக இருந்தாலும் லோக் அதாலத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று லோக் அதாலத் (இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பற்றிய இந்தக் கட்டுரையில் பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பது சரியில்லை. பாகப்பிரிவினை, விபத்து இழப்பீடு, செக் வழக்கு என்றால் சரி; எங்கள் சித்தப்பாவின் வரப்புத் தகராறு ஒன்பது வருடம் இழுத்து, மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரே சனிக்கிழமையில் முடிந்தது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வந்தது (அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்). ஆனால் சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்களை லோக் அதாலத் தொடவே முடியாது, லோக் அதாலத்துக்கான 1987 சட்டப் பணிகள் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் என் தம்பியைச் சாதி சொல்லித் திட்டியபோது ஸ்டேஷனில் முதலில் சொன்னது "ரெண்டு பேரும் ஒரே ஊரு, பேசி முடிச்சுக்கங்கப்பா" என்றுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, எஃப்ஐஆர் போட்டு டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். எஸ்பிக்குப் பதிவுத் தபால் போன பிறகுதான் எங்களுக்கு அது நடந்தது. அப்புறம், வக்கீலுக்குப் பணத்துக்கு எங்கே போவது என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸில் மனு கொடுங்கள், இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள்.